செயலாளர் ஒருவரையே நம்பியிருக்கும் சங்கத்தை வலுப்படுத்துவது எப்படி?

சிப்புட் வாசி:
வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பும், தனித்து வாழும் முதியோருக்கு மளிகைப் பொருள் உதவியும் வழங்கிவரும் சிறிய சமூகநலச் சங்கம் ஒன்றின் செயலவையில் அண்மையில் சேர்ந்திருக்கிறேன். களப்பணியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நிர்வாகம் முழுவதும் பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியரான எங்கள் செயலாளர் ஒருவரின் தலையில்தான் இருக்கிறது. கூட்டக் குறிப்பேடு அவர் வீட்டு அலமாரியிலும், சங்கங்களைப் பதிவு செய்யும் அரசுப் பதிவகத்தின் இரோசஸ் இணையத் தளத்திற்கான கடவுச்சொல் அவர் கைப்பேசியிலும், எந்தக் கடைக்காரர் கடனுக்கு அரிசி தருவார் என்பது அவர் நினைவிலும் இருக்கின்றன. ஐயாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது.

சென்ற ஆண்டு ஓர் அறவாரியத்திடம் மானியம் கேட்டபோது, மூன்றாண்டுக் கணக்கறிக்கையையும் செலவுச் சீட்டுகளையும் கேட்டார்கள். அவற்றை உரிய நேரத்தில் திரட்ட முடியாததால் விண்ணப்பம் நின்றுபோயிற்று. இப்போது சம்பளத்திற்கு ஒருவரை அமர்த்த வேண்டும் என்று செயலவையில் சிலரும், எல்லாரையும் கோலாலம்பூரில் நடக்கும் நிர்வாகப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்று வேறு சிலரும் வாதிடுகிறார்கள். எதை முதலில் செய்வது?

ஈப்போ கணக்கர்:
இரண்டையும் தள்ளிவையுங்கள். பயிற்சிக்குப் போய் வருபவர் திரும்பி வந்து உட்கார ஒரு கோப்புகூட இல்லாத சங்கத்தில், அவர் கற்றது ஒரு மாதம் தங்காது. சம்பளத்திற்கு வருபவரும் செயலாளரிடமே ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருப்பார்.

முதலில் கணக்கைச் சீராக்குங்கள். ஒவ்வொரு செலவுக்கும் வரிசை எண் இட்ட வவுச்சர், அதன் பின்னால் கடைச் சீட்டு, இருவர் கையொப்பம், அதே எண் ரொக்கப் புத்தகத்தில். நம் சங்கங்களில் பெரும்பாலும் சிக்குவது பெரிய தொகையன்று. வகுப்பெடுக்க வரும் ஆசிரியருக்குக் கையில் கொடுக்கும் பெட்ரோல் பணமும், சீட்டே தராத காலைச் சந்தையில் வாங்கும் காய்கறியும்தான். பெற்றவரின் பெயர், தேதி, காரணம், தொகை ஆகியவற்றை வவுச்சரில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டால் அதுவே சான்று. மாத முடிவில் பொருளாளர் அல்லாத ஒருவர் வங்கி அறிக்கையையும் ரொக்கப் புத்தகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பொருளாளர் நல்லவர்தானே என்பார்கள். நல்லவரைப் பழியிலிருந்து காப்பதும் இந்த ஒப்பீடுதான்.

1966-ஆம் ஆண்டுச் சங்கங்கள் சட்டத்தின்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாள்களுக்குள் ஆண்டறிக்கையையும் கணக்கையும் பதிவகத்திற்கு அனுப்பியாக வேண்டும். மாதாமாதம் கணக்கு முடிக்கும் சங்கத்திற்கு அது ஒரு மாலை வேலை. ஆண்டுக்கு ஒருமுறை பெட்டியைத் திறக்கும் சங்கம் 60 நாளும் அல்லாடும்.

கோல சிலாங்கூர் அக்கா:
கணக்கைப் பற்றிக் கணக்கர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அதைச் செய்ய ஆள் வேண்டுமே. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபின் நம் உறுப்பினர்களில் பலர் கிள்ளானுக்கும் ஷா ஆலாமுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். பெயர் மட்டும் பட்டியலில் நிற்கிறது. உங்கள் சட்டவிதிகளை எடுத்துப் பாருங்கள். பதிவகத்தின் மாதிரி விதியைப் பின்பற்றியிருந்தால், பொதுக்கூட்டத்திற்கு வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் பாதிப் பேர், அல்லது செயலவை எண்ணிக்கையின் இரு மடங்கு, இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் 30 நாள்களுக்குள் மீண்டும் கூடலாம். அன்றும் ஆள் சேராவிட்டால் வந்தவர்களை வைத்து நடத்தலாம், ஆனால் விதிகளைத் திருத்த முடியாது. அதனால் செயலற்ற பெயர்களை விதிப்படி நீக்கி, வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மாரை உறுப்பினராக்குங்கள். வரவு செலவு எழுத அவர்களுக்குச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. மாதாமாதம் பணம் சேர்த்து முறைவைத்து எடுக்கும் கூட்டுப் பணம் பிடிக்கும் பெண்களின் நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

செயலாளரிடம் கடவுச்சொல்லைக் கேட்கும் முறையும் முக்கியம். திடீரென்று கேட்டால், இத்தனை ஆண்டு உழைத்தவரைச் சந்தேகிப்பதாகவே அவர் எடுத்துக்கொள்வார். துணைச் செயலாளர் ஒருவரை நியமித்து, இந்த ஆண்டறிக்கையை அவர் அனுப்ப, ஐயா பக்கத்தில் அமர்ந்து வழிகாட்டட்டும். அப்படி மாறும் பொறுப்பை யாரும் பறித்ததாகச் சொல்ல முடியாது.

சிப்புட் வாசி:
மிக்க நன்றி, அக்கா. மாதக் கணக்கை எழுத ஆர்வமுள்ள தாய்மார் இருவர் இருக்கிறார்கள். வேலை நேரம் போக அவர்களை இலவசமாக உழைக்கச் சொல்ல மனம் வரவில்லை. மானியத்திலோ நிர்வாகச் செலவுக்கு இடமில்லை என்கிறார்கள்.

கூலிம் தோட்டத்தான்:
பெரும்பாலான மானியங்கள் அப்படித்தான்: நூறு புத்தகப்பைக்குப் பணம் வரும், அவற்றைக் கணக்கு வைப்பவருக்கு வராது. மானியத்தை நம்பி ஆள் எடுத்தால், திட்டம் முடிந்த மாதத்தில் ஆளும் போய்விடுவார். நிர்வாகச் செலவுக்கு ஊர்ப் பணம்தான் நிலைக்கும்.

உங்கள் ஊர்க்காரரான அமைச்சர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) ஆகத்தான் பங்குப் பணம் திரட்டப்பட்டது. எங்கள் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அதிலிருந்துதான் வாங்கப்பட்டது. அது கூட்டுறவு முதலீடு, உங்களுடையது நற்பணி, இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் சிறு தொகை தவறாமல் வருவதன் பலம் ஒன்றுதான். ஊரைவிட்டுப் போன அந்த உறுப்பினர்களை முழுவதும் வெட்டிவிடாமல், வாக்குரிமையற்ற ஆதரவாளர்களாக மாதம் 10 வெள்ளியை, கணக்கிலிருந்து தானாகக் கழியும் வங்கி நிலைக்கட்டளையில் செலுத்தச் சொல்லுங்கள். நாற்பது பேர் சேர்ந்தால் மாதம் 400 வெள்ளி. வாரம் இரண்டு பிற்பகல் வந்து கணக்கெழுதுபவருக்கு மதிப்பூதியமாகத் தாராளமாகப் போதும். அதற்கு முன் உங்கள் சட்டவிதி அத்தகைய ஆதரவாளரை அனுமதிக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, சங்கம் பெரிதாகத்தான் வேண்டும் என்று யார் சொன்னது? மானியப் படிவத்தில் நன்றாகத் தெரிகிறது என்பதற்காகத் தையல் வகுப்பு, கணினி வகுப்பு என்று அகலக்கால் வைத்த சங்கங்கள் எங்கள் பக்கம் உண்டு.

சிப்புட் வாசி:
அடுத்த செயலவைக் கூட்டத்தில் துணைச் செயலாளர் நியமனத்தையும் ஆதரவாளர் திட்டத்தையும் முன்வைக்கிறேன். சீட்டுகள் கிடைக்காத பழைய ஆண்டுகளை என்ன செய்வது?

ஈப்போ கணக்கர்:
புதிதாகச் சீட்டு எழுதிச் சேர்க்காதீர்கள். அது பொய்க் கணக்கு. வங்கியிடம் அந்த ஆண்டுகளின் அறிக்கையைக் கேட்டு வாங்கி, வரவு செலவை அதிலிருந்து கட்டியெழுப்புங்கள். சான்றில்லாத தொகையைத் தனியே காட்டி, கணக்காய்வாளரின் குறிப்போடு பொதுக்கூட்டத்தில் வைத்து ஒப்புதல் பெறுங்கள். வங்கிக் கட்டணம் கேட்கும்; அதற்கும் வவுச்சர் போடுங்கள்.