சிசிகே-8 பெப்டைடு கரையவே மாட்டேன் என்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் லேபில் வேலை செய்யும் அண்ணன்மாரே, அக்காமாரே, ஒரு உதவி. கொலிசிஸ்டோகைனின் (சுருக்கமாக சிசிகே) என்ற, கணையத்தைச் சுரக்க வைக்கும் ஹார்மோனின் கடைசி எட்டு அமினோ அமிலங்கள் மட்டும் உள்ள செயற்கைப் பெப்டைடு, சல்பேட் உள்ள வகை, 1 மில்லிகிராம் வாங்கினோம், எலிக் கணையச் செல்களில் போட்டு மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதி எவ்வளவு சுரக்கிறது என்று பார்க்க. நேற்று மழை, அறையெல்லாம் ஈரக்காற்று, மைனஸ் 20 ஃப்ரீசரிலிருந்து எடுத்த குப்பியை அறைச் சூட்டுக்கு வரும்வரை பொறுக்காமல் திறந்துவிட்டேன் (திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள்). தண்ணீர் விட்டால் மோர் மாதிரி கலங்கி நிற்கிறது.

அமிலத்தன்மை உள்ள பெப்டைடு, நீர்த்த அம்மோனியா கொஞ்சம் விட்டால் கரையும் என்கிறார் சீனியர். அமிலம் பட்டால் இதிலுள்ள டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேலுள்ள சல்பேட் கழன்றுவிடலாம், அது போனால் கணையச் செல்லில் வீரியம் வெகுவாகக் குறைந்துவிடும், அதனால் அசிட்டிக் அமிலம் பக்கமே நான் போகவில்லை. சரி, அம்மோனியா எவ்வளவு விட்டீர்கள், பிறகு எந்த பஃபரில் கலந்தீர்கள்?

அப்புறம், இதில் மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் இரண்டு இருக்கிறது, அவற்றில் ஆக்சிஜன் ஏறியிருந்தால் மூலக்கூறு நிறை 16 அல்லது 32 டால்டன் கூடியிருக்கும். காலாப்பட்டு பக்கம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் ஒரு சாம்பிள் ஓட்டித் தர யாரால் முடியும்? இந்த வாரத்துக்குள் என்றால் நல்லது.