அப்புச்சி வூட்டுச் சொந்தம்: உடைந்த கல்சட்டிப் பஞ்சாயத்து

கவிதா: 📷 6 படங்கள்

கவிதா: புனேவுக்கு அனுப்பிய கல்சட்டி இந்த லட்சணத்தில் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாங்கிய அம்மா பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். கூரியர் ஆபீஸுக்குப் போனால், "ரசீதுக்குப் பின்னால் படிச்சுப் பாருங்க, நூறு ரூபாய்க்கு மேல் வராது" என்கிறார்கள். சட்டி 1,400. அனுப்பிய கூலியே 320. யாருக்காவது விவரம் தெரியுமா?

கோபி சித்தி: அடக் கண்ணு! ஓமலூரில் இருந்து புனே வரைக்கும் போய் இப்படியா?

பிரபு: அக்கா, ஒரு சந்தேகம். அந்தம்மாவே அடுப்பில் வைத்து உடைத்துவிட்டுக் கூரியர் மேல் பழி போட்டால்?

சென்னிமலை அத்தை: படத்தைப் பெருசாக்கிப் பாரு பிரபு. சட்டி முழுக்கச் சாம்பல் நிறம். பழக்கிய சட்டி என்றால் விளக்கெண்ணெயும் மஞ்சளும் ஏறி, வடிகஞ்சி குடித்துக் கருத்திருக்கும். பழக்காமலே ஏற்றியிருந்தாலும் அடியில் நெருப்புப் பட்ட தடம் தெரியும், விரிசலும் அடியிலிருந்துதான் கிளம்பும். இதில் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்து, அங்கிருந்து கீழே ஓடியிருக்கிறது. உடைந்த இடம் மாவு மாதிரி வெளுப்பாக இருக்கிறது. எங்கேயோ தூக்கி எறிந்திருக்கிறார்கள்.

கவிதா: ஆமாங்க அத்தை. பெட்டியிலும் அதே பக்கத்து மூலைதான் நசுங்கியிருக்கிறது. நாலாவது படம்.

சென்னிமலை அத்தை: அப்போ அதுதான் உன் சாட்சி. பத்திரமாக வை.

பிரபு: 👏 அத்தை சி.ஐ.டி.

சங்ககிரி மாமா: இப்போதுதான் பார்த்தேன். அம்மிணி, ரசீதில் பொருளின் மதிப்பு எழுதியிருக்கிறதா? நீ கையெழுத்துப் போட்டாயா?

கவிதா: 1,400 என்று எழுதச் சொல்லி வாங்கினேனுங்க மாமா. கையெழுத்துக் கேட்கவில்லை. எடை போட்டு, ரசீதைக் கிழித்துக் கையில் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

சங்ககிரி மாமா: அப்படியென்றால் வழி இருக்கிறது. லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்தவனுக்கு இந்தப் பஞ்சாயத்து புதுசு இல்லை. சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துக்கு 2007ல் வந்த சட்டத்தில் லாரிக்காரர் மட்டும் இல்லை, கூரியர் ஏஜென்சியும் சேர்த்தி. 2011ல் வந்த விதிப்படி, நீ தனியாக ரிஸ்க் கட்டணம் (பொருளுக்கு அவர்கள் கூடுதல் பொறுப்பு ஏற்க வாங்குகிற பணம்) கட்டாவிட்டாலும், வாங்கிய கூலியில் பத்து மடங்கு வரை அவர்கள் பொறுப்பு. எழுதின மதிப்பைத் தாண்டாது. உனக்குப் பத்து மடங்கு 3,200, எழுதினது 1,400. அதனால் 1,400 முழுசாகக் கேள். அவர்களுடைய கவனக்குறைவால்தான் உடைந்தது என்று நீ நிரூபிக்கவும் வேண்டியதில்லை.

பிரபு: அப்புறம் எதற்கு மாமா நூறு ரூபாய் என்று அச்சடிக்கிறார்கள்?

சங்ககிரி மாமா: முக்கால்வாசிப் பேர் அதைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார்கள், அதற்குத்தான். ஆனால் அச்சடித்ததை லேசாக நினைக்காதே. 1996ல் பாரதி நிட்டிங் கம்பெனி வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஜெர்மனிக்குக் கூரியரில் அனுப்பிய காகிதம் நேரத்துக்குப் போகவில்லை, லட்சக்கணக்கில் நஷ்டம். சீட்டில் பொறுப்பு 100 டாலர் என்றிருந்தது, கையெழுத்தும் இருந்தது. கையெழுத்துப் போட்டால் கட்டுப்பட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் முதலில் கையெழுத்தைக் கேட்டேன்.

கோபி சித்தி: படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர்கள் கவனிக்கவும். (எங்க வீட்டுக்காரரைச் சொல்கிறேன்)

கவிதா: மாமா, வாங்கியவரையே கூரியரில் கேட்கச் சொல்லிவிடலாம் என்கிறார் இவர்.

சங்ககிரி மாமா: மாப்பிள்ளையிடம் சொல்லு, அது சரிப்படாது. அந்தம்மா காசு கொடுத்தது உனக்கு, கூரியருக்குக் கொடுத்தது நீ. அவருக்கு வேறு சட்டி அனுப்பு, இல்லையென்றால் பணத்தைத் திருப்பு. கூரியர்காரன் தந்த பிறகு தருகிறேன் என்று இழுத்தால் அவர் நாலு பேரிடம் உன் பெயரைத்தான் சொல்வார். கிளெய்ம் உன் சண்டை.

கவிதா: சரிங்க மாமா. நாளைக்கே வேறு சட்டி அனுப்பிவிடுகிறேன்.

சங்ககிரி மாமா: உடைந்த துண்டையும் பெட்டியையும் தூக்கிப் போட வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடு. ஆள் அனுப்பிப் பார்ப்பேன் என்பார்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பச் சொல்வார்கள். பொருள் இல்லை என்றால் அதையே சாக்காக வைத்து ஃபைலை மூடுவார்கள். லேபிள் நம்பர் தெரிகிற மாதிரி பெட்டியை எல்லாப் பக்கமும் படம் எடுக்கச் சொல்.

பொள்ளாச்சி மைதிலி: எங்கள் எண்ணெய் டின் ஒழுகினபோது திரவம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார்கள். பக்கத்துப் பார்சல் நனைந்ததற்கு எங்களிடம் காசு கேட்காமல் விட்டதே பெரிசு 😐

சென்னிமலை அத்தை: கவிதா, உள்ளே வைக்கோல் திணித்துப் பார்.

கவிதா: ஏற்கெனவே பெட்டிக்குள் பெட்டிதானுங்க அத்தை. அதனால் இன்னொரு தொல்லை. சட்டி 4 கிலோ, வெளிப்பெட்டி 40க்கு 40க்கு 30 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5,000ஆல் வகுத்து, 9.6 கிலோ என்று கூலி வாங்கினார்கள்.

பிரபு: காற்றுக்கும் காசு!

சங்ககிரி மாமா: அந்தக் கூலி ஏறினதால்தான் பத்து மடங்கும் ஏறியிருக்கிறது, விடு.

கவிதா: கடிதம் எழுதிவிட்டேன் மாமா, பாருங்க. "ஐயா, மேற்படி ரசீதில் கண்ட பார்சல், பெட்டியின் மூலை நசுங்கி, உள்ளே இருந்த கல்சட்டி உடைந்த நிலையில் ஒப்படைக்கப்பட்டது. தாங்கள் தயவுகூர்ந்து பரிசீலித்து இயன்ற இழப்பீட்டை வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்."

சங்ககிரி மாமா: தயவும் வேண்டாம், இயன்றதும் வேண்டாம். "ரூ.1,400 இழப்பீடு தர வேண்டும்" என்று தொகையை எழுது. ரசீது நம்பர், புக் செய்த தேதி, டெலிவரி தேதி மூன்றும் மேலேயே இருக்கட்டும். பில் நகல், படங்களைச் சேர். கோர்ட்டுக்குப் போவதென்றால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். கம்பெனி சொந்தமாக வைக்கிற கெடு அதைவிடக் குறைச்சலாக இருக்கும். அதனால் இந்த வாரமே அனுப்பு. மெயிலிலும் போகட்டும், காகிதத்திலும் போகட்டும். போன் பேசியது எதற்கும் உதவாது.

கவிதா: சரிங்க மாமா. இன்றைக்கு மெயில், நாளைக்கு ஸ்பீட் போஸ்ட்.

சென்னிமலை அத்தை: நல்ல வேளை, கூரியர்காரனுக்கு எழுதின கடுதாசியைக் கூரியரில் அனுப்புகிறேன் என்று சொல்லாமல் போனாய் 😂

பிரபு: அத்தை 🤣🤣

கவிதா: புனே அம்மாவிடம் பேசிவிட்டேன். துண்டு, பெட்டி எல்லாம் பால்கனியில் இருக்கிறதாம். மற்றப் பக்கப் படங்களைச் சாயங்காலம் அனுப்புகிறார்.