பொருள்: 'பாக்கெட் பிரெசென்ஸ்' – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்துச் சொற்பட்டியலில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) மதிப்பீட்டுப் பகுதி ஏறக்குறைய முடிந்துவிட்டது. 'டிராஃப்ட்' என்பதை 'முறைத்தெரிவு' என்று வைத்தாயிற்று. 'வரைவு' என்றால் எழுத்துப்படி ஆகிவிடும். இங்கே நடப்பதோ 32 அணிகள் முறைவைத்து, 7 சுற்றுகளில் கல்லூரி வீரர்களை எடுத்துக்கொள்வது. 'சாக்' (பந்தை எறியுமுன் குவார்ட்டர்பேக்கைக் கீழே தள்ளுவது) என்பதற்கு 'வீழ்த்தல்' வந்துவிட்டது. 'பாக்கெட் பிரெசென்ஸ்' மட்டும்தான் நிலுவை. பாக்கெட் என்பது எறிய முயலும் குவார்ட்டர்பேக்கைச் சுற்றி முன்வரிசையினர் அமைக்கும் காப்பிடம். சொல்லுக்குச் சொல் வைத்தால் 'பை இருப்பு' என்றாகும், யாருக்கும் விளங்காது.

என் முன்மொழிவு: பாக்கெட் = கூடு; பாக்கெட் பிரெசென்ஸ் = கூட்டுணர்வு. கூடு சரியும், உடையும், கூட்டைவிட்டு வெளியே ஓடலாம். வினைகளெல்லாம் இயல்பாகச் சேர்கின்றன. கருத்துச் சொல்லுங்கள்.

---

> பாக்கெட் = கூடு; பாக்கெட் பிரெசென்ஸ் = கூட்டுணர்வு.

ஐயா, சொல்லை எடுக்குமுன் பொருளைக் கறாராக வரையறுத்துக்கொள்வோம். வீரர்களை மதிப்பிடும் தேர்வாளர்களின் குறிப்பேடுகளிலேயே இந்தச் சொல் மூன்று வேறு பண்புகளுக்குப் புழங்குகிறது: அடி வாங்கினாலும் கலங்காத துணிவு, ஆபத்திலிருந்து தப்பி ஓடும் வேகம், நெருக்கடிக்குள் கால் நகர்த்தி எறியும் திறன். மூன்றாவதுதான் இந்தச் சொல்லுக்கு உரியது. நாம் வைக்கும் தமிழ்ச்சொல் முதல் இரண்டையும் வெளியே தள்ளுவதாக இருக்கவேண்டும்.

களத்தில் நடப்பது இது. பந்து கைக்கு வந்ததும் குவார்ட்டர்பேக் பின்வாங்குகிறார். அவர் அணியின் முன்வரிசைத் தடுப்பாளர் ஐவரில், நடுவே சென்டரும் இரண்டு கார்டுகளும் பின்னகராமல் நிற்க, இரு ஓரத்து டாக்கிள்களும் எதிராளியை வெளிப்புறமாகத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். முன்னும் பக்கங்களும் அடைத்த ஓர் இடம் இரண்டரை நொடி, மிஞ்சினால் மூன்று நொடி கிடைக்கும்.

டாக்கிளின் கணக்கெல்லாம் குவார்ட்டர்பேக் எங்கே நிற்பார் என்பதை வைத்துத்தான். ஷாட்கன் நிலையில் 5 கஜம் தள்ளி நின்று பந்தை வாங்கி, மூன்று எட்டுப் பின்வைத்தால் அவர் 8 கஜ அளவில் நிற்கவேண்டும். எட்ஜ் ரஷரை (ஓரத்திலிருந்து பாய்ந்து வரும் எதிரணி வீரரை) அந்த ஆழத்துக்கு அப்பால் தள்ளிவிட்டால் டாக்கிள் வேலை முடிந்தது. குவார்ட்டர்பேக் 11, 12 கஜம் வரை பின்னால் போய்விட்டால், டாக்கிள் சரியாகத் தள்ளியிருந்தும் அந்த ரஷர் வளைந்து வந்து நேராக அவர் முதுகில் மோதுவார். பார்ப்பவர்கள் டாக்கிளைத் திட்டுவார்கள். பிழை குவார்ட்டர்பேக்கின் காலில் இருக்கும்.

ஓரத்திலிருந்து வரும் நெருக்கடிக்கு விடை முன்னால் ஏறுவது. நடுவிலிருந்து வந்தால் பக்கவாட்டில் அரை எட்டு, ஒரு எட்டு சறுக்குவது. இரண்டிலும் பந்து இரு கைகளுக்குள், மார்பு உயரத்தில், கண் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்கள்மேல். கண் தாழ்ந்து ரஷரைப் பார்த்துவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது, ஏனென்றால் மறுபடி நிமிர்ந்து பார்ப்பதற்குள் திறந்திருந்த இடைவெளி மூடியிருக்கும்.

ஓட்ட வேகத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2000 முறைத்தெரிவுக்கு முன் குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 40 கஜத்தை 5.28 நொடியில் ஓடினார். 199ஆம் ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். ஆனால் அந்த அரை எட்டு நகர்வில் அவருக்கு இணை சொல்ல ஆள் தேடவேண்டும்.

இண்டியானாபோலிஸில் நடக்கும் கம்பைன் என்னும் முறைத்தெரிவுக்கு முந்தைய தேர்வு முகாமில் உயரம், உள்ளங்கை அகலம் எல்லாம் எட்டில் ஒரு அங்குலம் வரை அளக்கிறார்கள். ஆனால் எறிதல் பயிற்சியில் எதிரே யாரும் கிடையாது. கல்லூரிகள் நடத்தும் ப்ரோ டே என்னும் திறன்காட்டும் நாளில் சில பயிற்றுநர்கள் துடைப்பத்தை நீட்டி நெருக்கடி உண்டாக்கிப் பார்ப்பார்கள். துடைப்பம் தன்னைக் கீழே தள்ளாது என்று எறிபவருக்குத் தெரியும். ஆகவே படச்சுருளைத் தவிர வேறு வழியில்லை. அதிலும் தொலைக்காட்சிக் கோணம் உதவாது. 22 பேரும் தெரியும் படமும், எண்ட் ஸோன் (களத்தின் முனைப்பகுதி) பக்கத்திலிருந்து எடுத்த படமும் வேண்டும்.

---

வணக்கம்.

'கூட்டுணர்வு' வேண்டாம். படிப்பவர் 'கூட்டு உணர்வு' என்று பிரித்து, அணியின் ஒற்றுமை என்றே எடுத்துக்கொள்வார். 'குவார்ட்டர்பேக்கின் கூட்டுணர்வு சிறப்பு' என்ற தொடரை எந்த விளையாட்டுப் பக்கத்தில் போட்டாலும் இந்தக் குழப்பம் வரும். கூடு தனியாக நிற்கும்போது நல்ல சொல். வேற்றுமை ஏறியதும் 'கூட்டு' ஆகிவிடுவதுதான் சிக்கல்.

பாக்கெட்டுக்கு 'அரண்' போதும். எல்லோரும் அறிந்தது, இரண்டே எழுத்துப்போல நாவில் நிற்பது, அரணில், அரணுக்குள், அரணைவிட்டு என்று எந்த உருபையும் ஏற்கும். கோட்டை என்ற பழைய பொருள் தடையாகாது, காப்பு என்பதே அதன் வேர்ப்பொருளாகப் புழக்கத்தில் இருக்கிறது. 'அரணுணர்வு' என்று வைத்துவிடலாமா?

---

> 'அரணுணர்வு' என்று வைத்துவிடலாமா?

அரணுக்கு முழுச் சம்மதம். உணர்வுக்கு இல்லை. நெருக்கடியை உணர்ந்ததும் அலறியடித்து ஓடுபவருக்கும் உணர்வு உண்டு. சொல்லப்போனால் அவருக்குத்தான் அதிகம். தேவைக்கு முன்பே அரணைவிட்டுக் கிளம்பும் கல்லூரி வீரர்கள் பலரும் இந்த வகை. வலக்கைக்காரர் வலப்பக்கமாக ஓடும்போது எறியக்கூடிய களம் பாதியாகிவிடும்; கல்லூரித் தடுப்பாட்டக்காரர்கள் பிடிக்கத் திணறுவார்கள், தொழில்முறை லைன்பேக்கர்கள் விரட்டிப் பிடித்துவிடுவார்கள்.

எண்களைப் பற்றியும் ஒரு குறிப்பு பட்டியலில் சேரவேண்டும். கல்லூரிக் கணக்கில் வீழ்த்தலால் இழந்த கஜங்கள் ஓட்டக் கணக்கில் கழிக்கப்படுகின்றன. தொழில்முறையில் அணியின் எறிதல் கணக்கில் கழிக்கப்படுகின்றன. ஆகவே ஒரு கல்லூரி வீரரின் 'ஓர் எறிதலுக்கு இத்தனை கஜம்' என்ற எண் பளபளவென்று இருந்தாலும், அதற்குள் வீழ்த்தல்கள் ஒளிந்திருக்கும். அதை வெளியே கொண்டுவரும் அளவு, நெருக்கடி நேர்ந்த எறிமுயற்சிகளில் எத்தனை வீழ்த்தலில் முடிந்தன என்பது. 120 நெருக்கடிகளில் 18 வீழ்த்தல் என்றால் 15 விழுக்காடு, நல்ல எண். அதே 120இல் 34 என்றால் 28 விழுக்காட்டுக்கு மேல். உடனே படத்தை எடுத்துப் பார்க்கவேண்டும். இதற்கு 'வீழ்வு விகிதம்' என்று முன்மொழிகிறேன்.

இந்த எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. எது நெருக்கடி என்று குறிப்பவர் மனிதர். இரண்டு நிறுவனங்களின் கணக்கு ஒத்துப்போகாது. இன்னொன்று, எண்ணிக்கை சிறியது. 12 ஆட்டங்களில் ஆட்டத்துக்கு 35 முறை எறிய முயன்றால் 420. ஐந்தில் ஒன்று நெருக்கடி என்றால் 84. அதில் நடுவிலிருந்து வந்தவற்றை மட்டும் பிரித்தால் இருபது முப்பதுதான் மிஞ்சும். முன்வரிசை வலுவான பெரிய கல்லூரியில் ஆடியவருக்கு அதுவும் தேறாது. அந்த முப்பதையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பதுதான் மதிப்பீடு.

---

மேலேயுள்ள மடலோடு ஒன்றைச் சேர்க்கிறேன்: வீழ்த்தலுக்குப் பொறுப்பைப் பிரிப்பது. 2002இல் புதிதாகத் தொடங்கிய ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணி முதல் தெரிவாக எடுத்த டேவிட் கார் அந்தப் பருவத்திலேயே 76 முறை வீழ்த்தப்பட்டார். 2024இல் முதல் தெரிவான கேலப் வில்லியம்ஸ் சிக்காகோவில் 68 முறை. 2019இல் எல்.எஸ்.யு. கல்லூரிக்காக 60 டச்டவுன் எறிந்த ஜோ பர்ரோ, தொழில்முறையில் 2021 பருவத்தில் 51 முறை வீழ்த்தப்பட்டார். டென்னஸிக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் மட்டும் 9 முறை, அப்படியும் 19–16 என வென்றார். மூன்று எண்களும் பெரியவைதான். ஆனால் அனுபவமற்ற முன்வரிசையால் வந்த வீழ்த்தலும், ஆழமான இலக்குக்காகப் பந்தை விடாமல் வைத்திருந்து வாங்கிய வீழ்த்தலும் ஒரே நோயல்ல.

பிரித்துப் பார்க்க நான் பரிந்துரைக்கும் முறை: ஸ்கிரீன் எறிதல்களையும் (ரஷர்களை உள்ளே வரவிட்டுக் குறுகிய தூரத்தில் எறிவது) ஆர்.பி.ஓ. ஆட்டங்களையும் (ஓட்டமா எறிதலா என்பதைப் பந்து வந்தபின் முடிவுசெய்வது) முதலிலேயே நீக்கிவிடுங்கள். ஆர்.பி.ஓ.வில் கல்லூரி விதி முன்வரிசையினரை 3 கஜம் முன்னே போக விடுகிறது, தொழில்முறையில் 1 கஜம்தான். அந்த ஆட்டங்கள் அரணைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. மிச்சத்தை மூன்று முறை ஓட்டுங்கள். முதல் ஓட்டத்தில் குவார்ட்டர்பேக்கின் காலும் தலைக்கவசத்தின் திசையும் மட்டும். இரண்டாவதில் முன்வரிசை: யார் தோற்றார், எத்தனையாவது நொடியில். மூன்றாவதில் ரிசீவர்கள்: அந்த நொடியில் யாராவது திறந்திருந்தாரா. தடுக்க ஆளே ஒதுக்கப்படாத ரஷர் வந்து வீழ்த்தினால் அதைத் தனியாகக் குறியுங்கள். அவரை முன்கூட்டியே கண்டு, சட்டென்று எறிவது குவார்ட்டர்பேக்கின் கடமை, முன்வரிசைமேல் போடக்கூடாது.

இனி சொல்: 'அரண் நிதானம்'. தமிழில் நிதானம் என்றால் பதற்றமின்மை மட்டுமல்ல, அளந்து செயல்படுவதும்தான். வண்டி ஓட்டுபவரிடம் 'நிதானமாப் போ' என்றால் பயப்படாதே என்றா பொருள்? வேகம், இடைவெளி இரண்டையும் கணித்துப் போ என்றுதான். நமக்கு வேண்டிய பண்பும் இதுவே. எதிர்ச்சொல்லும் தானே கிடைக்கிறது: 'நிதானம் தவறினார்'.

---

> 'அரண் நிதானம்'

நிதானம் வடசொல் என்ற மறுப்பு வரும். 'அரணமைதி' என்று மாற்றலாம், ஆனால் அமைதியில் கால் நகர்வு இல்லை. அசையாமல் நிற்பவருக்கும் அது பொருந்திவிடும். அசையாமல் நின்று அடிவாங்குவது குறை. எனவே நிதானத்தை ஏற்கிறேன். பட்டியலுக்கான பதிவு:

அரண் நிதானம்: எறிய முயலும் குவார்ட்டர்பேக், நெருக்கடி வரும் திசையை நேரே பாராமல் அறிந்து, ரிசீவர்கள்மேல் வைத்த கண்ணை எடுக்காமல், எறியும் நிலை குலையாதபடி அரணுக்குள்ளேயே இடம் மாறும் திறன். ஓடித் தப்புதல் இதில் அடங்காது. அதற்கு 'அரண்விலகல்' தனிப் பதிவு. அளவு: வீழ்வு விகிதம், படப் பார்வையோடு சேர்த்து மட்டும்.

எடுத்துக்காட்டு: 'அரண்விலகலில் தேர்ந்தவர், அரண் நிதானம் குறைவு, ஓரத்து நெருக்கடிக்கு முன்னேறாமல் பின்வாங்குகிறார்.'

மறுப்பிருந்தால் இந்த வாரத்துக்குள் எழுதுங்கள். அடுத்து 'புரோகிரஷன்'. முதல் ரிசீவர், இரண்டாவது, மூன்றாவது என்று கண் நகரும் வரிசைக்கு 'பார்வை வரிசை' என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. ஒவ்வொரு பார்வையும் ஓர் எட்டோடு பிணைந்தது என்பது அதில் வரவில்லை. வேறு சொல் தெரிந்தால் அனுப்புங்கள்.