வேட்டியில் சாம்பார்க் கறை, சோப்பு போட்டதும் சிவக்கிறது. வீட்டிலேயே என்ன செய்யலாம்?

கொடிமல்லி:

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் என் கணவரின் வெள்ளைப் பருத்தி வேட்டியில் சாம்பார் கொட்டிவிட்டது. வீட்டுக்கு வந்து சோப்புக் கட்டி போட்டுத் தேய்த்தால், மஞ்சளாக இருந்த இடம் குங்குமம் பட்டதுபோல் சிவந்துவிட்டது. நன்றாக அலசிய பிறகு மறுபடி மஞ்சள்.

வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. கடையில் வாங்கும் கறைநீக்கி எதுவும் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, தோல் தடிக்கிறது. அதனால் நாமே ஏதாவது செய்து ஒரு பாட்டிலில் வைத்துக்கொள்ள ஆசை. வினிகரையும் ஆப்ப சோடாவையும் கலந்து வைத்தால் எல்லாக் கறையும் போகும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மைதானா?

தெருவிளக்கு:

எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, கூடவே ஒரு ஸ்பூன் ப்ளீச்சிங் பவுடர் போட்டு ஊறவையுங்கள். பளிச்சென்று ஆகிவிடும்.

பவானிக்கரை:

சகோதரி, முதலில் இதைக் கேளுங்கள். எலுமிச்சையையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். புளிப்பு பட்டால் ப்ளீச்சிலிருந்து குளோரின் வாயு கிளம்பும். கதவு சாத்திய குளியலறையில் அது நெஞ்சையே அடைத்துவிடும். குழந்தை இருக்கும் வீடு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். வினிகரும் புளிப்புதான், அதையும் ப்ளீச்சோடு சேர்க்கக் கூடாது.

சலவை எங்கள் குடும்பத் தொழில். தாத்தா காலத்தில் துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி, வெள்ளாவிப் பானைமேல் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேகவைப்பார்கள். விடிந்ததும் ஆற்றங்கரைக் கல்லில் அடித்துத் துவைத்து வெயிலில் விரிப்பார்கள். உவர்மண்ணில் இருப்பது சலவைச் சோடாவின் சத்துதான். அது அழுக்கை எடுக்கும், மிச்ச நிறத்தை வெயில் எடுக்கும். இன்று நான் மெஷின் வைத்து வேலை செய்கிறேன். இருந்தாலும் மஞ்சள் கறை வந்தால் மொட்டைமாடிக்குத்தான் கொண்டுபோகிறேன்.

உங்கள் வேட்டி சிவந்ததில் பயப்பட ஒன்றுமில்லை. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்குமின் காரத்தன்மையில் சிவக்கும், புளிப்பு பட்டால் மஞ்சளுக்குத் திரும்பும். குங்குமம் செய்வதும் மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துத்தானே! குர்குமின் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, எண்ணெயில் கரையும். சாம்பாரில் தாளித்த எண்ணெயோடு சேர்ந்துதான் அது நூலுக்குள் இறங்கியிருக்கிறது. ஆகவே முதலில் எண்ணெயை எடுங்கள், பிறகு நிறத்தை. எண்ணெயை எடுக்கப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் போதும். நிறத்துக்கு, வேட்டியை ஈரத்தோடு, கறை மேலே தெரியும்படி நல்ல வெயிலில் போடுங்கள். காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு நாளில் போகாவிட்டால் மறுநாளும் போடுங்கள். குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது, தானாக வெளுத்துவிடும். அதுவரை இஸ்திரி மட்டும் வேண்டாம்.

வினிகர், ஆப்ப சோடா விஷயத்துக்கு வருகிறேன். பொங்குவதைப் பார்த்தால் ஏதோ பெரிய வேலை நடப்பதுபோல் இருக்கும். பொங்குவது கரியமில வாயு. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிடும், மிஞ்சுவது ஒருவகை உப்புத் தண்ணீர்தான். அதைப் பாட்டிலில் அடைத்து வைப்பதில் பயனில்லை. தனித்தனியாக வைத்தால் இரண்டுக்கும் வேலை உண்டு.

பாட்டிலில் வைக்க வேண்டுமென்றால் இதைச் செய்யுங்கள். 100 கிராம் பூந்திக்கொட்டையை உடைத்து விதையை எடுத்துவிட்டு, தோலை 1 லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவையுங்கள். காலையில் அதே தண்ணீரோடு சிறுதீயில் 20 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து துணியில் வடிகட்டுங்கள். வெளியே வைத்தால் சீக்கிரம் புளித்து நாறும். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். பார்க்க டீ டிகாக்‌ஷன் மாதிரியே இருக்கும், மறக்காமல் பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டுங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். இயற்கைப் பொருள்தானே என்று குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்க வேண்டாம். மீன் வளர்க்கும் தொட்டியிலோ குட்டையிலோ ஊற்றவும் கூடாது, அதன் நுரை மீனைக் கொல்லும்.

ஆனால் எல்லாக் கறைக்கும் ஒரே பாட்டில் என்பது நடக்காது. ரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும். துருக் கறைக்கு எலுமிச்சையும் உப்பும். போர் தண்ணீரில் இரும்பு அதிகமுள்ள ஊர்களில் வெள்ளைத் துணி பழுப்பேறினால் பலர் ப்ளீச் போடுகிறார்கள், அதனால் துரு இன்னும் அழுத்தமாகும்.

கொடிமல்லி:

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி அண்ணா. நாட்டு மருந்துக் கடையில் பூந்திக்கொட்டை வாங்கிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். வேட்டியின் பார்டர் பச்சை, வெயிலில் போட்டால் வெளிறாதா? அப்புறம், என் பட்டுப்புடவையில் நெய் சொட்டியிருக்கிறது, அதற்கும் இதே தண்ணீர்தானா?

பவானிக்கரை:

வெளிறும் சகோதரி, நல்லவேளை கேட்டீர்கள். பார்டர்மேல் கனத்த துணியைப் போட்டு மூடிவிட்டு, கறை உள்ள இடம் மட்டும் வெயில் படும்படி விரியுங்கள்.

பட்டுக்கு அவசரப்படாதீர்கள். முகத்துக்குப் போடும் பவுடரை நெய்மேல் கனமாகத் தூவி, இரவு அப்படியே விட்டு, காலையில் தட்டிவிடுங்கள். பெரும்பாலும் அதிலேயே இறங்கிவிடும். மிச்சம் இருந்தால் பூந்திக்கொட்டைத் தண்ணீரை ஓர் ஓரத்தில் தொட்டுப் பார்த்து, சாயம் போகவில்லை என்று தெரிந்தபின் மெதுவாக ஒற்றி எடுங்கள். சலவைச் சோடா, ஆப்ப சோடா இரண்டும் பட்டுக்கு ஆகாது, காரம் பட்டு இழையைக் கெடுக்கும். ஜரிகை பக்கம் போகவே வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள்.

வாழைத்தோட்டம்:

வாழைக்கறைக்கு ஏதாவது வழி உண்டா அண்ணா? தார் வெட்டும்போது சட்டையில் பட்டுவிடுகிறது.

பவானிக்கரை:

பட்ட உடனே ஈரமாக இருக்கும்போதே அலசினால் கொஞ்சம் பிழைக்கும் தம்பி. காற்றுப் பட்டுக் கறுத்த பிறகு எங்கள் வீட்டுப் பெரியவர்களே அதைக் கையில் வாங்க மாட்டார்கள். வெட்டுக்குப் போகும்போது பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு போங்கள்.