கொமுட்டர் ரயிலை தஞ்சோங் மாலிமிலிருந்து சுங்காய் வரை நீட்டக் கேட்கிறோம் – மகஜரில் என்ன எழுதணும்?

சுங்காய்வாசி கேட்டது:

வணக்கம். மலேசியாவுல, பேராக் மாநிலத்துல இருக்கிற சுங்காய் டவுனும் சுத்தியிருக்கிற செம்பனைத் தோட்டங்களும் சேர்ந்து ஒரு மகஜர், அதாவது கோரிக்கை மனு, தயாராகுது. கோயில் கமிட்டியும் தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கையெழுத்து வாங்கிட்டு இருக்காங்க. கோரிக்கை ஒண்ணுதான்: கேடிஎம் (மலேசிய ரயில்வே) ஓட்டுற கொமுட்டர், அதான் உள்ளூர் மின்ரயில், தஞ்சோங் மாலிமோட நிக்காம பேராங், சிலிம் ரீவர் வழியா சுங்காய் வரைக்கும் வரணும்.

இரட்டைத் தண்டவாளம் இருக்கு, கரண்டுக் கம்பி இருக்கு, ஸ்டேஷன் இருக்கு. 2010-லேருந்து ஈடிஎஸ், அதான் தூரத்து ஊர்களுக்குப் போற வேக மின்ரயில், இதே பாதையிலதான் ஓடுது. வடக்குப் பக்கத்து கொமுட்டர் 2025 தொடக்கத்துல பாடாங் ரெங்காஸைத் தாண்டி ஈப்போவுக்கே வந்துடுச்சு. கோலா கங்சார், சுங்கை சிப்புட் எல்லாம் அதுல சேர்ந்தாச்சு. தெக்குக்கும் வடக்குக்கும் நடுவுல நாங்க மட்டும் விட்டுப்போயிட்டோம்.

தெரிஞ்சவங்க சொல்லுங்க: எது தடுக்குது? எத்தனை வண்டி வேணும்? மகஜர்ல என்ன இருந்தா ஃபைலுக்குள்ள போய்ப் படுத்துக்காது?

---

பாயிண்ட்ஸ்மேன் பதில்:

"தண்டவாளம் இருக்கு, கம்பி இருக்கு"ன்னு மகஜரை ஆரம்பிக்காதீங்க. அது அவங்க போட்டதுதான், அவங்களுக்குத் தெரியும். தடுக்குறது மூணு: வண்டி, வண்டி திரும்புற இடம், காலை முதல் வண்டி ராத்திரி தூங்குற இடம்.

முதல்ல வண்டிக் கணக்கு. தஞ்சோங் மாலிம் – சுங்காய் சுமார் 45 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம். கொமுட்டர் 120 வேகத்துல போகும், ஆனா பேராங், சிலிம் ரீவர்ல நின்னு எடுத்தா சராசரி 65, 70-க்கு மேல வராது. ஒரு வழிக்கு 40 நிமிஷம். ரெண்டு முனையிலும் டிரைவர் ஒரு கேபின்ல அடைச்சுட்டு ஆறு பெட்டி நீளம் நடந்து அடுத்த கேபின்ல ஏறி, பிரேக் சோதிச்சுக் கிளம்ப 12 நிமிஷம் குடுங்க. 40 + 12 + 40 + 12 = 104 நிமிஷம். ஒரு சுத்துக்கு ஆகுற இந்த நேரத்தை, எத்தனை நிமிஷத்துக்கு ஒரு வண்டி வேணுமோ அதால வகுத்து, பின்னம் வந்தா மேல ஏத்திக்கணும். மணிக்கு ஒண்ணுன்னா 104/60, அதாவது 1.73, ஆக 2 வண்டி. அரை மணிக்கு ஒண்ணுன்னா 4. பராமரிப்புக்குப் போறதுக்கு ஈடா கையிருப்பு 1.

ஆக மணிக்கு ஒரு தடவை ஓட 2 + 1. மகஜர்ல இதை எழுதுங்க. "அடிக்கடி ரயில் வேண்டும்"னு எழுதினா படிக்கிற அதிகாரி மனசுல பத்து வண்டி ஓடும், தாளை மூடிடுவார்.

2 வண்டி ஓடினா 120 நிமிஷத்துல 16 நிமிஷம் மிச்சம். ஈடிஎஸ்ஸுக்கு வழிவிட சிலிம் ரீவர்ல 10 நிமிஷம் நின்னாலும் சமாளிக்கலாம். ஒரே சுத்துல ரெண்டு தடவை நின்னா அடுத்த நடை காலி.

2012-லேருந்து வந்த கிளாஸ் 92 கொமுட்டர் வண்டிகள் ஆறு பெட்டி, ஒட்டுமொத்தமா ஒரே செட். ஆள் கம்மின்னு ஸ்டேஷன்ல மூணு பெட்டியைக் கழட்டி வைக்க முடியாது. அறுபது பேருக்கும் ஆறு பெட்டிதான் ஓடும். செலவுக் கணக்கு கசக்குறது அங்கதான்.

அடுத்தது திரும்புற இடம். நம்ம நாட்டுல ரயில் இடப் பக்கம் ஓடும். தெக்கேயிருந்து வர்ற வண்டி சுங்காய்ல வடக்கு நோக்கிப் போற பாதையில வந்து நிக்கும். திரும்பிப் போகணும்னா எதிர்ப் பாதைக்கு மாறணும், அதுக்கு கிராஸ்ஓவர் வேணும். மாறுறதுக்கு முன்னாடி 12 நிமிஷம் நிக்கவும் இடம் வேணும். மெயின் பாதையிலயே நின்னா பின்னால 140 வேகத்துல வர்ற ஈடிஎஸ் நிக்கும், அதுக்குப் பின்னால சரக்கு வண்டி நிக்கும். அட்டவணை போடுறவர் இதுக்கு ஒத்துக்கவே மாட்டார்.

---

சுங்காய்வாசி:

நன்றிண்ணே. திரும்ப இடம் இருக்கான்னு நாங்களே பார்த்துத் தெரிஞ்சுக்க முடியுமா? தண்டவாளத்துல இறங்காமத்தான்.

---

பாயிண்ட்ஸ்மேன்:

இறங்கவே கூடாது. ஸ்டேஷன் மேம்பாலத்து நடுவுல நின்னு பாருங்க தம்பி. நாலு விஷயம். மொத்தம் எத்தனை பாதை? மூணாவது பாதை இருந்தா அது மேல கம்பி போகுதா? வேலை வண்டி நிறுத்துற கிளைக்குச் சில இடத்துல கம்பி இழுத்திருக்க மாட்டாங்க, அதுல மின்வண்டி நுழைய முடியாது. அந்தப் பாதையை ஒட்டி மேடை விளிம்பு வருதா, இல்ல புல்லுதானா? கடைசியா, ஸ்டேஷனுக்கு வெளியே ரெண்டு பாதைக்கும் நடுவுல குறுக்கே போற தண்டவாளம் எந்தப் பக்கம் இருக்கு, வடக்கா தெற்கா?

மூணாவது பாதை, கம்பி, மேடை மூணும் இருந்தா உங்க கோரிக்கைக்குக் கட்டுமானச் செலவு கம்மின்னு தைரியமா எழுதலாம். கம்பி மட்டும் இல்லைன்னாலும் சின்ன வேலைதான். பாதையே இல்லைன்னா சுங்காயைப் பிடிச்சுத் தொங்காம, முதல் கட்டமா சிலிம் ரீவர் வரைக்கும் கேளுங்க, அங்கேயும் இதே நாலையும் பார்த்துட்டு.

கட்டம் கட்டமா வர்றது புதுசு இல்ல. ரவாங்கிலேருந்து மாறி ஏறுற ஷட்டிலா (குறுகின தூரத்துக்குள்ள போய்ப் போய்த் திரும்புற வண்டி) 2007-ல ராசா வரைக்கும், 2008-ல கோலா குபு பாரு, 2009-ல தஞ்சோங் மாலிம். அப்படித்தான் இந்தப் பாதை வளர்ந்துச்சு. வடக்குலயும் 2016 ஆரம்பத்துல கமுந்திங், அதே வருஷம் பாடாங் ரெங்காஸ், அப்புறம்தான் ஈப்போ. முன்னுதாரணமா இதைக் காட்டுங்க.

நேரடி வண்டியா ஷட்டிலான்னு கேப்பாங்க. கோலாலம்பூர் வண்டியையே சுங்காய் வரை ஓட்டினாலும் கூடுதலா வேண்டியது ஏறக்குறைய அதே 2 வண்டிதான். ஆனா கிள்ளான் பள்ளத்தாக்குல (கோலாலம்பூர் வட்டாரத்துல) எங்கேயாவது சிக்னல் கேபிளைத் திருடிட்டாங்கன்னா அந்தத் தாமதம் அப்படியே சுங்காய்க்கு வந்து சேரும். ஷட்டில்ல அந்தத் தொல்லை இல்ல. அதுல வேற தொல்லை: தஞ்சோங் மாலிம்ல மூணு நிமிஷத்துல வண்டியைத் தவறவிட்டா ஒரு மணி நேரம் பெஞ்ச்ல உக்காரணும். அதனால ஷட்டில் கேட்டா, "மாலை கடைசி மூன்று நடைகள் கோலாலம்பூர் வண்டி வந்த பிறகே கிளம்ப வேண்டும்"னு ஒரு வரி சேருங்க. இது காசு செலவில்லாத கோரிக்கை. யாரும் கேக்காததால யாரும் குடுக்குறதில்ல.

---

குலைலாரி பதில்:

மேல அண்ணன் சொன்னது வண்டிப் பக்கம். நான் ஆள் பக்கம் சொல்றேன்.

கையெழுத்து வாங்குறதை நிறுத்தச் சொல்லல. ஆனா ஆயிரம் கையெழுத்தைவிட ஒரு காலை எண்ணிக்கை கனம். வேலை நாள் ரெண்டு, சனிக்கிழமை ஒண்ணு, காலை 5.30-லேருந்து 8.30 வரைக்கும் பஸ் நிறுத்தம், டோல் பக்கம் ஆள் ஏறுற இடம், ஸ்டேஷன் மூணுலயும் ஆளுக்கு ஒரு தாளோட நில்லுங்க. நாலு கேள்வி போதும்: எங்க போறீங்க, எத்தனை மணிக்கு அங்க இருக்கணும், இப்ப எதுல போறீங்க, மாசம் எவ்வளவு ஆகுது. பேர், ஐசி (அடையாள அட்டை) நம்பர் கேக்காதீங்க. கேட்டா பாதிப் பேர் பதில் சொல்லாம போயிடுவாங்க.

ஃபாக்டரி பஸ் ஏறுறவங்களை எண்ணிக்கையில சேர்க்காதீங்க. லயத்து (தோட்டக் குடியிருப்பு) வாசல்ல வந்து ஏத்தி, ஷிஃப்ட் முடிஞ்சதும் கொண்டாந்து விடுற பஸ்ஸை விட்டுட்டு யாரும் ரயிலுக்கு வரமாட்டாங்க. அவங்களையும் சேர்த்துக் காட்டினா அதிகாரி முதல் கேள்வியிலயே ஓட்டையைப் பிடிச்சுடுவார்.

கோலாலம்பூருக்குத் தினசரி வேலைக்குப் போறவங்களை நம்பியும் எழுதாதீங்க. கொமுட்டர்ல சுங்காயிலேருந்து கேஎல் சென்ட்ரல் போய்ச் சேர ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும். அவசரக்காரன் ஈடிஎஸ்ல போவான், இல்லாட்டி கார்ல போவான். இந்தப் பாதைக்கு நிஜமான ஆள் குறுகின தூரத்துல இருக்கான்: சிலிம் ரீவர் ஆஸ்பத்திரிக்குப் போறவங்க, தஞ்சோங் மாலிம் உப்சி பல்கலைக்கழக மாணவர்கள், அங்க கடைகளிலயும் ஆபீஸ்லயும் வேலை பார்க்குறவங்க. டயாலிசிஸ் பண்றவங்களைத் தனியா எண்ணுங்க. வாரம் மூணு தடவை, தடவைக்கு சுமார் நாலு மணி நேரம், வருஷம் பூரா அதே நாள் அதே நேரம். கூட ஒருத்தர் வேற போவார். ரயில்காரனுக்கு இதைவிட நிச்சயமான பயணி கிடைக்கமாட்டார். ஆனா மதியம் 12-லேருந்து 2-க்குள்ள திரும்பும் வண்டி இல்லைன்னா அவங்க வரமாட்டாங்க. "காலையிலும் மாலையிலும்"னு மட்டும் கேட்டா இவங்களை நீங்களே வெட்டி விட்ட மாதிரி.

தோட்டத்து ஆளுக்கு ஸ்டேஷன் வர்றதுதான் பெரிய பாடு. காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போற மனுஷனுக்கு ரயில் வேண்டாம். வேணும்ங்கிறது அவர் பிள்ளைங்களுக்கு, வீட்டம்மாவுக்கு. அவங்க கையில மோட்டார் (மோட்டார் சைக்கிள்) இருக்கும், கார் இருக்காது. ஆக கார் பார்க்கிங் கேக்குறதுக்கு முன்னாடி கூரை போட்ட மோட்டார் ஷெட், ராத்திரி எரியுற விளக்கு, கேமரா கேளுங்க. நூறு மோட்டார் நிக்கிற இடத்துல இருபது கார்கூட நிக்காது. தோட்டத்து உள்ரோடு கம்பெனி நிலம். வேன் விடணும்னா மேனேஜர் எழுத்துல அனுமதி குடுக்கணும், கேட் எத்தனை மணிக்குத் திறக்கும்னும் அதுலயே இருக்கணும். இந்தக் கடிதத்தை இப்பவே வாங்கி மகஜரோட பின்னால இணைச்சுடுங்க. பின்னால வாங்கிக்கலாம்னு விட்டா மேனேஜர் மாறிடுவார்.

---

வடக்குவழி பதில்:

மாத்தி யோசிச்சா என்ன? தெக்கேயிருந்து இழுக்காம ஈப்போ பக்கமிருந்து கேளுங்க. பத்து காஜாவுல மின்வண்டி பராமரிப்பு டிப்போ இருக்கு. கம்பார்ல உத்தார் பல்கலைக்கழகம் இருக்கு, மாணவர் கூட்டம் கியாரண்டி. ஈப்போ, பத்து காஜா, கம்பார், தாப்பா ரோடு, சுங்காய், சிலிம் ரீவர், பேராங், தஞ்சோங் மாலிம்னு ஓட்டினா நடுவுல இருக்கிற ஓட்டை மொத்தமா அடைபடும், தெற்கு கொமுட்டரும் வடக்கு கொமுட்டரும் கைகோத்துடும். அப்படியே தாப்பா ரோட்டிலேருந்து தெலுக் இந்தான் பழைய கிளையையும் கேக்கலாமே.

---

பாயிண்ட்ஸ்மேன்:

தெலுக் இந்தானை இதுல கலக்காதீங்க. 1893-ல திறந்த கிளை, எப்பவோ மூடிப் பிடுங்கியாச்சு. அது புதுசாப் பாதை போடுற வேலை. ரெண்டையும் ஒரே மகஜர்ல போட்டா, பெரிய செலவைக் காட்டிச் சின்னதையும் சேர்த்துத் தள்ளிப்போடுவாங்க.

ஈப்போ யோசனை நல்ல யோசனைதான், கணக்கைப் பாருங்க. சுமார் 130 கிலோமீட்டர், ஒரு வழிக்கு 110 நிமிஷம். ஒரு சுத்து 244. மணிக்கு ஒண்ணுன்னா 5 வண்டி. ரெண்டு மணிக்கு ஒண்ணுன்னா 244/120, ரெண்டைக் கொஞ்சூண்டு தாண்டுது, அதுக்காக 3 வண்டி. ரெண்டு மணிக்கு ஒரு வண்டியை நம்பி யாரும் வேலைக்குப் போகமாட்டாங்க.

ஆனா டிப்போ விஷயத்துல வடக்குவழி சொல்றது சரி. ஷட்டில் ராத்திரி தஞ்சோங் மாலிம்ல தங்கினா, காலை 5.20-க்குக் கிளம்பி 6.00-க்கு சுங்காய் வந்து 6.12-க்குத் திரும்பி 6.52-க்குத்தான் தஞ்சோங் மாலிம் சேரும். 7 மணி ஷிஃப்ட்டுக்கு உதவாது. சுங்காயிலயே தங்கவைக்கணும்னா வேலி, விளக்கு, காவல், டிரைவர் படுக்க அறை எல்லாம் வேணும். காவல் இல்லாத இடத்துல வண்டியை விட்டா காலையில கண்ணாடியும் இருக்காது, கேபிளும் இருக்காது. அதுக்குப் பதிலா காலை முதல் வண்டி மட்டும் பத்து காஜாவுலேருந்து கிளம்பி, கம்பார், தாப்பா ரோடு, சுங்காய்ல ஆள் ஏத்திக்கிட்டு தஞ்சோங் மாலிம் போகட்டும். ராத்திரி கடைசி வண்டி அதே மாதிரி டிப்போவுக்குத் திரும்பட்டும். டிப்போவிலேருந்து எப்படியும் காலியா வரவேண்டிய வண்டி, ஆளோட வரட்டுமே. இப்படிக் கேட்டா கம்பார்க்காரங்க கையெழுத்தும் உங்களுக்குக் கிடைக்கும்.

---

குலைலாரி:

யாருக்கு அனுப்புறதுங்கிறதையும் சொல்லிடறேன். கேடிஎம்பிக்கு மட்டும் அனுப்பினா "பரிசீலிக்கிறோம்"னு ஒரு பதில் வரும், அவ்வளவுதான். வண்டியை ஓட்டுறதுதான் கேடிஎம்பி. நிலமும் தண்டவாளமும் ரயில்வே சொத்துக் கழகத்துது. நஷ்டத்துல ஓடுற சேவைக்குப் பணம் விடுறதா வேண்டாமான்னு சொல்றது போக்குவரத்து அமைச்சு. அதனால புத்ராஜெயாவுல அமைச்சுக்கு மூலப் பிரதி, கேடிஎம்பிக்கும் சொத்துக் கழகத்துக்கும் நகல். வேன், பஸ் லைசென்ஸ் விஷயத்துக்காக அப்பாட்டுக்கும் (தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனம்) ஒரு நகல்.

சுங்காய், சிலிம், பேராங் மூணு சட்டமன்றத் தொகுதியும் தஞ்சோங் மாலிம் நாடாளுமன்றத் தொகுதிக்குள்ளதான் வருது. ஒரே எம்பி, மூணு சட்டமன்ற உறுப்பினர், நாலு பேரோட ஆதரவுக் கடிதமும் வேணும். ஆனா மாவட்டம் ரெண்டு. 2016-ல முவாலிம் தனி மாவட்டமானதுலேருந்து சிலிம் ரீவர் அந்தப் பக்கம், சுங்காய் பத்தாங் பாடாங் பக்கம். மோட்டார் ஷெட்டும் நடைபாதையும் சுங்காய்க்கு தாப்பா மாவட்ட மன்றத்துக்கிட்ட, சிலிம் ரீவருக்கு தஞ்சோங் மாலிம் மாவட்ட மன்றத்துக்கிட்ட கேக்கணும். ஒரே கடிதத்தை ரெண்டு பேருக்கும் அனுப்பினா, ஒருத்தர் இன்னொருத்தர் செய்வார்னு விட்டுடுவார். தனித்தனியா எழுதுங்க.

மகஜர் மலாய்ல, ரெண்டே பக்கம். முதல் பக்கத்துல கோரிக்கையும் வண்டிக் கணக்கும், ரெண்டாம் பக்கத்துல எண்ணிக்கை அட்டவணை. மேம்பாலத்துலேருந்து எடுத்த படம், தோட்ட மேனேஜர் கடிதம், கையெழுத்துத் தாள் எல்லாம் பின்னிணைப்பு. கவுண்டர்ல நேர்ல குடுத்து, நகல்ல தேதி முத்திரை வாங்காம வெளியே வராதீங்க.