வீட்டுக்கு வந்த பிறகும் மனசு கிளினிக்கிலேயே கிடக்கிறது: கால்நடை மருத்துவர்கள் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

மழைக்குருவி கேட்டது:

வணக்கம். செல்லப்பிராணிகளுக்கான கிளினிக்கில் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். படித்து முடித்துச் சில வருடங்கள்தான் ஆகின்றன. இந்த வேலையை ஆசைப்பட்டுத்தான் எடுத்தேன், இப்போதும் பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்ச காலமாக அந்த நாயின் டிரிப் வேகத்தைக் குறைத்துவிட்டு வந்தேனா, இந்தப் பூனையின் ரத்த ரிப்போர்ட்டை வீட்டுக்காரர்களுக்குப் புரியும்படி சொன்னேனா என்று நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்து யோசிக்கிறேன். போன் அடித்தாலே வயிற்றைப் பிசைகிறது.

சமீபத்தில் ஒரு ஆண் பூனை வந்தது. சிறுநீர் அடைப்பு, வயிறு கல் மாதிரி, தொட்டாலே கத்துகிறது. டியூப் போட்டு அடைப்பை எடுத்து, சில நாள் உள்ளே வைத்துப் பார்த்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருந்தது. வீட்டுக்காரர்களால் அந்தச் செலவைத் தாங்க முடியவில்லை, கருணைக்கொலை செய்துவிடச் சொன்னார்கள். செய்தேன். கையைக் கழுவிவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனால், முதல் தடுப்பூசிக்கு வந்த நாய்க்குட்டி. சுற்றி நின்ற குழந்தைகள் "டாக்டர், இதுக்கு என்ன பேர் வைக்கலாம்?" என்று சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன். அது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

இப்போது அழுகைகூட வருவதில்லை, எதுவுமே உறைப்பதில்லை. "மனசைக் கல்லாக்கிக்கொள், பழகிவிடும்" என்கிறார் என்னைவிட மூத்தவர் ஒருவர். பழகித்தான் ஆகவேண்டுமா?

பழைய ஸ்டெதஸ்கோப்:

பழகிவிடும் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் டாக்டர். பழகிவிட்டதாகச் சொன்ன பலர் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள், வீட்டில் எரிந்து விழுந்தார்கள், சிலர் தொழிலையே விட்டுப் போனார்கள்.

நீங்கள் சொன்னதில் இரண்டு விஷயம் கலந்திருக்கிறது, அதைப் பிரித்துப் பார்த்தால் நல்லது. நாள்தோறும் வலியையும் சாவையும் பார்த்து இரக்கமே வற்றிப்போவது ஒன்று. நீங்கள் எதுவுமே உறைப்பதில்லை என்கிறீர்களே, அது இதுதான். இன்னொன்று, எது சரியான சிகிச்சை என்று தெரிந்தும், கையில் திறமை இருந்தும், அதைச் செய்யமுடியாமல் போகும்போது வருகிற மனச்சாட்சி வேதனை. அந்தப் பூனை விஷயம் இந்த வகை. நர்ஸ்களிடம் இது இருப்பதை தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-லேயே எழுதினார், விலங்குகளோடு வேலை செய்பவர்களைப் பற்றி இன்னொரு தத்துவ அறிஞர் பெர்னார்ட் ரோலின் 1987-இல் எழுதினார். வட அமெரிக்க கால்நடை மருத்துவர்களிடம் எடுத்து 2018-இல் வெளியான ஒரு ஆய்வில், தகுந்த சிகிச்சை தரமுடியாமல் தடை வருவது தங்களுக்கோ தங்கள் ஊழியர்களுக்கோ நடுத்தரம் முதல் கடுமையான வேதனை தருகிறது என்று 70 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள். மோதலைக் கையாளவோ தன்னைப் பார்த்துக்கொள்ளவோ பயிற்சியே கிடைத்ததில்லை என்று சொன்னவர்களும் 70 சதவீதத்துக்கு மேல்தான். உடற்கூறும் மருந்தியலும் வருடக்கணக்கில் சொல்லித் தருகிறோம், இதை மட்டும் அவரவர் பாடு என்று விட்டுவிடுகிறோம். எனக்கு இதில் உண்மையிலேயே கோபம் உண்டு.

ஆகவே இது உங்கள் மனசு பலவீனமானதால் வந்தது என்று நினைக்காதீர்கள், வேலை அமைந்திருக்கிற விதத்தில்தான் பாதிக் கோளாறு. கருணைக்கொலை முடிந்த கையோடு அடுத்த அப்பாயின்ட்மென்ட் ஏன்? ரிசப்ஷனில் சொல்லி அதற்குப் பிறகு ஒரு இடைவெளி விடச் செய்யுங்கள், கால் மணி நேரமாவது. ஒரே ஆள் ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யாமல் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அப்புறம், உரிமையாளரிடம் உயர்ந்த சிகிச்சை அல்லது ஒன்றுமில்லை என்று இரண்டே வழியை வைக்காமல், நடுவில் இருக்கிற வழிகளையும் சேர்த்துச் சொல்லிப் பழகினால், நல்ல சாத்தியம் இருந்தும் கைவிட்டோம் என்கிற நிலை குறைகிறது. என்னென்ன வழிகள் சொன்னோம், அவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள். ராத்திரி மனசு விசாரணை நடத்தும்போது அது உதவும்.

இரண்டாம் ஷிப்ட்:

நான் டாக்டர் இல்லை, கிளினிக்கில் உதவியாளர். இந்தப் பேச்சு வந்தாலே டாக்டர்களைப் பற்றி மட்டும்தான் வருகிறது. ஊசி போடுவது டாக்டர், ஆனால் அந்த நேரத்தில் நாயின் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, காலில் ரத்தக்குழாய் தெரிய அழுத்திப் பிடித்திருப்பது நாங்கள்தான். உடம்பு தளர்வது எங்கள் கையில்தான் தெரியும். பிறகு உடலைத் துடைத்து, கழுத்துப்பட்டையைக் கழற்றி உறையில் போட்டுக் கொடுப்பதும் நாங்கள்தான். மேடம், உங்கள் கிளினிக்கில் இதைப் பேசினால் உதவியாளர்களையும் ரிசப்ஷனில் இருப்பவர்களையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

எங்களை அதிகம் நோகடிப்பது மிருகங்களின் சாவு இல்லை, மனிதர்களின் வார்த்தை. "பணத்துக்காகத்தானே இவ்வளவும், உண்மையிலேயே பாசம் இருந்தால் இலவசமாகச் செய்வீர்களே" என்று முகத்துக்கு நேராகக் கேட்பார்கள், அப்புறம் போய் ரிவ்யூவில் பெயரோடு எழுதுவார்கள். நான் இப்போது இருக்கிற இடத்தில் ஒரு ஏற்பாடு உண்டு. யாராவது கத்த ஆரம்பித்தால் நாங்கள் தனியாக நின்று கேட்க வேண்டியதில்லை, மேலாளரைக் கூப்பிட்டுவிட்டு உள்ளே போய்விடலாம். ரிவ்யூவுக்குப் பதில் எழுதுவதும் அவர் வேலை, சம்பந்தப்பட்ட ஆள் அதைப் படிக்கவே தேவையில்லை. யாருடைய சொந்த நம்பரும் வெளியே போகாது, கிளினிக் போன் ஒன்றுதான், அதுவும் ஷிப்ட் முடிந்ததும் அங்கேயே இருக்கும். போன் அடித்தால் வயிற்றைப் பிசைகிறது என்றீர்களே, முதலில் உங்கள் சொந்த வாட்ஸ்அப்பிலிருந்து கிளினிக்குக்கு வருகிற உரிமையாளர்களை வெளியே எடுங்கள்.

தொழுவத்து டாக்டர்:

மேலே சொன்னதெல்லாம் நாலு பேர் இருக்கிற இடத்துக்குச் சரி. மாற்றி மாற்றிச் செய்யுங்கள் என்றால் எங்களைப் போலத் தனியாக மாடு, ஆடு பார்ப்பவர்கள் யாரோடு மாற்றிக்கொள்வது? கன்று குறுக்கே கிடக்கிறது என்று ராத்திரி போன் வந்தால் போய்த்தான் ஆகவேண்டும், தோள்வரை கையை விட்டு ஒரு மணி நேரம் போராடிவிட்டு வந்தால் மறுநாள் காலை வேலை அப்படியே காத்திருக்கும். தூக்கம் கெட்டுப் போவதைப் பலர் பெரிதாக நினைப்பதில்லை, ஆனால் என் அனுபவத்தில் மற்ற எல்லாம் அதிலிருந்துதான் சரிய ஆரம்பிக்கிறது.

நான் கண்டுகொண்ட வழி, பக்கத்தில் இருக்கிற இன்னொரு டாக்டரோடு பேசி அவசர அழைப்பை ஆளுக்கு ஒரு வாரம் என்று பிரித்துக்கொண்டது. வருமானம் கொஞ்சம் குறைந்தது, பரவாயில்லை. மோசமான கேஸ் முடிந்தால் கிளம்புவதற்கு முன் வண்டியிலிருந்தே அவருக்குப் போன் செய்வேன், அவரும் அப்படித்தான். அறிவுரை எதுவும் கிடையாது, நடந்ததைச் சொல்வோம், கேட்போம்.

நோய்ப் பரவல் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். 2001-இல் பிரிட்டனில் கோமாரி நோய் பரவியபோது 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொல்ல வேண்டியிருந்தது. மந்தையைக் காப்பாற்றப் படித்தவர்கள்தான் பண்ணை பண்ணையாகப் போய் அதற்குத் துணை நின்றார்கள். அந்த மாதிரிப் பணிக்கு ஆளை அனுப்பினால், முடிந்த பிறகு ஓய்வும் பேச ஆளும் கொடுப்பதை உத்தரவிலேயே எழுதிவிட வேண்டும் என்பது என் கருத்து.

செவிகொடு:

நான் மனநல ஆலோசகர், மருத்துவத் தொழிலில் இருப்பவர்களோடு அதிகம் வேலை செய்கிறேன். மழைக்குருவி, தூக்கமில்லை, எதுவும் உறைப்பதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால் நேராகவே கேட்கிறேன்: செத்துவிடலாம் என்றோ, காலையில் எழாமலே போனால் நன்றாக இருக்கும் என்றோ தோன்றுகிறதா?

இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுவோமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்டதும் பாரம் இறங்கியவர்கள்தான் அதிகம். உங்கள் தொழிலில் இதைக் கேட்டே ஆகவேண்டும். 1979 முதல் 2015 வரை இறந்துபோன 11,620 அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் பதிவுகளை அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்து 2019-இல் வெளியிட்டது. அந்த மரணங்களில் தற்கொலையின் பங்கு பொதுமக்களைவிட ஆண்களில் 2.1 மடங்கு, பெண்களில் 3.5 மடங்கு. உயிரை வலியில்லாமல் முடிப்பதை நல்ல முடிவாகப் பார்த்துப் பழகிய கண்ணும், கைக்கெட்டும் தூரத்தில் மருந்தும் இருப்பது ஆபத்தைக் கூட்டுகிறது. மருந்து அலமாரியை இரண்டு பேர் சேர்ந்துதான் திறக்கலாம் என்று எல்லா இடத்திலும் வைத்தால் நல்லது, இதில் யாரும் யாரையும் சந்தேகப்படுவதாக நினைக்கவேண்டாம். எண்ணம் தீவிரமாக வரும் நெருக்கடி நேரம் பல சமயம் சீக்கிரமே தணிந்துவிடும். அந்த நேரத்தில் தடுப்பு இருந்தால் உயிர் தப்பும்.

வேலைச் சோர்வா மனச்சோர்வா என்பதையும் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் வேலைச் சோர்வை நோயாக வகைப்படுத்தவில்லை, வேலையோடு தொடர்புடைய நிலை என்கிறது. லீவு எடுத்தும் பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரம் தாண்டினால் மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். சக டாக்டர்களோடு பேச வேண்டுமென்றால் 2014-இல் தொடங்கிய 'நாட் ஒன் மோர் வெட்' குழு இருக்கிறது, பிரிட்டனில் 'வெட்லைஃப்' உதவி எண் நாள் முழுக்க இயங்குகிறது. சாகும் எண்ணம் இருந்தால் இந்த இழைக்குப் பதில் எழுதக் காத்திருக்காதீர்கள், உங்கள் ஊர் அவசர எண்ணைக் கூப்பிடுங்கள், கூட ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள்.

மழைக்குருவி:

எல்லோருக்கும் நன்றி. நேராகக் கேட்டதற்கு நேராகவே சொல்கிறேன்: சாகவேண்டும் என்று தோன்றவில்லை. ஆனால் லீவு நாளிலும் எதிலும் மனம் ஒட்டாமல் இருந்து இரண்டு வாரம் தாண்டிவிட்டது, அதனால் மனநல மருத்துவரிடம் நேரம் வாங்கிவிட்டேன். வாட்ஸ்அப் வேலையும் இன்று முடிந்தது. இடைவெளி விஷயத்தை கிளினிக் முதலாளியிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை, கேஸ் குறைந்துவிடும் என்பார்.

பழைய ஸ்டெதஸ்கோப்:

உங்கள் கஷ்டத்தைச் சொல்லி ஆரம்பிக்காதீர்கள், கால அட்டவணையைக் காட்டி ஆரம்பியுங்கள். கருணைக்கொலைகளை முடிந்தவரை காலையின் கடைசி அல்லது மாலையின் கடைசி நேரத்துக்கு மாற்றினால் ஒரு கேஸும் குறையாது, வீட்டுக்காரர்களுக்கும் அவசரமில்லாமல் விடைகொடுக்க நேரம் கிடைக்கும். ஒரு மாதம் பார்ப்போம் என்று கேளுங்கள். போகும்போது உதவியாளர் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள்.