லினோகட் அச்சு திட்டுத்திட்டாக விழுகிறது, சிலை பார்த்து எழுதிய குறிப்பும் திரும்பி வந்துவிட்டது: உதவி தேவை

எழும்பூர்_பயணி:
பி.காம் இரண்டாம் ஆண்டு. ஓவிய ரசனையை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறேன். அசைன்மென்ட் இரண்டு பகுதி. எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு வெண்கலச் சிலையைப் பார்த்து இரண்டு பக்கத்தில் பார்வைக் குறிப்பு எழுத வேண்டும். அதே சிலையை ஏ5 அளவில் லினோவில் (சணல் அடித்தளம் கொண்ட லினோலியம் தகடு) செதுக்கி, மை பூசித் தாளில் அச்செடுத்து, ஒரே மாதிரி ஐந்து பிரதி எண் போட்டுத் தர வேண்டும். நான் எடுத்தது திருவெண்காடு அர்த்தநாரீசுவரர்.

அச்சில் கறுப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். மெல்லிய கோடுகள் அடைத்துக்கொள்கின்றன. கறுப்பு அக்ரிலிக், பெயின்ட் கடை ஸ்பாஞ்சு ரோலர், 300 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் எண்) வாட்டர்கலர் தாள், இவைதான் கையில் இருப்பவை. கையால் தேய்த்துத்தான் எடுக்கிறேன், பிரஸ் கிடையாது. குறிப்பைப் பொறுத்தவரை, "இது வரலாறு, நீ பார்த்தது எங்கே?" என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார் பேராசிரியர். இரண்டுக்கும் வழி சொல்லுங்கள்.

மைஉருளை:
தம்பி, நீங்கள் சொன்ன மூன்று பொருளும் இந்த வேலைக்கு ஆகாதவை. செதுக்கலில் குறை இருக்க வாய்ப்பு குறைவு, அதைத் தொட வேண்டாம்.

ஸ்பாஞ்சு அழுத்தினால் அமுங்கும். அமுங்கியதும் செதுக்கிய பள்ளத்துக்குள் இறங்கி அங்கேயும் மையைப் பூசிவிடும். கோடு அடைவது அதனால்தான். ஓவியப் பொருள் கடையில் அச்சுக்கென்றே ரப்பர் ரோலர் விற்பார்கள், 4 அங்குல அகலம் போதும். அக்ரிலிக்கில் பிசுபிசுப்பு இல்லை, சென்னைச் சூட்டில் ஃபேன் காற்று பட்டால் தாளை வைப்பதற்குள் தோல் கட்டிவிடும். தோல் கட்டிய இடம் தாளில் ஒட்டாது, அதுதான் வெள்ளைப் புள்ளி. 300 ஜிஎஸ்எம் தாளின் சொரசொரப்பைக் கையழுத்தம் வெல்லாது. 70 முதல் 100 ஜிஎஸ்எம் வரை வழவழப்பான தாள், அல்லது மெல்லிய நேபாளக் கைத்தாள் வாங்குங்கள். சோதனை அச்சுக்கு எழுதாத நியூஸ்பிரின்ட் போதும்.

மை போடும் முறை: ஒரு கண்ணாடித் துண்டில் அரை டீஸ்பூன் பிளாக் பிரின்டிங் (அச்சுக்கட்டை அச்சுக்கான) மை. ரோலரை ஒரு திசையில் ஓட்டி, தூக்கி, மறுபடி ஓட்டுங்கள். முன்னும் பின்னும் தேய்த்துக்கொண்டே இருந்தால் மை ஒரே இடத்தில் சேரும். சரியான பதத்தில் "ஸ்ஸ்" என்று மெல்லிய சீறல் சத்தம் வரும், மை வெல்வெட் மாதிரி தெரியும். சப்புச்சப்பென்று ஒட்டிப் பிரிந்தால் மை அதிகம். ஒரே பூச்சில் முடிக்க நினைக்காதீர்கள். நான்கைந்து மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றும் வேறு திசையில். புது லினோ முதல் இரண்டு அச்சுக்கு மையைக் குடிக்கும், அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

அதற்குப் பிறகும் புள்ளி வந்தால் லினோவின் மேல் எண்ணெய்ப்பசை இருக்கும். 400 நம்பர் வாட்டர் பேப்பரை (நைசான உப்புத்தாள்) லேசாக ஓட்டி, ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள்.

தேய்க்க மரக்கரண்டியின் பின்பக்கம். எவர்சில்வர் சாதக்கரண்டியும் நன்றாக வேலை செய்யும், தாள் கிழியாமல் இருக்க மேலே ஒரு பட்டர் பேப்பர் போட்டுக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து வெளியே, சின்னச் சின்ன வட்டமாக. ஏ5 அளவுக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். ஒரு மூலையைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிர் மூலையைத் தூக்கிப் பாருங்கள். வெளிறிய இடம் இருந்தால் தாளை அப்படியே இறக்கி அங்கே மட்டும் மறுபடி தேய்க்கலாம். முழுதாக உரித்துவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

செப்புத்திருமேனி:
பார்வைக் குறிப்புக்கு வருகிறேன். "சோழர் காலம், மெழுகுவார்ப்பு, சிவனும் பார்வதியும் பாதிப்பாதி" என்பதையெல்லாம் அங்கே போகாமலே எழுதலாம். பேராசிரியர் கேட்பது, நேரில் நின்றவருக்கு மட்டும் தெரிவது.

வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போக வேண்டாம். வார நாள் காலையில் போங்கள். பேனா வேண்டாம், பென்சில். கேமரா, மொபைல் விதியை டிக்கெட் கவுன்டரிலேயே கேட்டுவிடுங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் எழுதாதீர்கள், பெயர்ப்பலகையையும் கடைசியில் படியுங்கள். படித்துவிட்டால் கண் அந்த வார்த்தைகளைத்தான் தேடும்.

பிறகு மூன்று சின்னப் படம், ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவு. முதலாவது வெளிவிளிம்பு மட்டும், உள்ளே ஒரு கோடும் கூடாது. இரண்டாவது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இருட்டு ஒன்று வெளிச்சம் ஒன்று என இரண்டே தொனியில். மூன்றாவது ஏதாவது ஒரு மூட்டு: இடுப்பு, தோள், முழங்கை. சிலை கண்ணாடிக்குள் இருந்தால், அந்தக் கண்ணாடிப் பிரதிபலிப்பு உலோகத்தின் மினுக்கத்தோடு குழம்பும். அரையடி இடம் மாறிப் பாருங்கள்: உங்களோடு சேர்ந்து தடாலென்று நகர்வது கண்ணாடியினுடையது, உடலின் வளைவோடு வழுக்குவது உலோகத்தினுடையது.

இந்தச் சிலையில் நீங்களே விடை தேட வேண்டிய கேள்விகள்: வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒன்று. அப்படியிருந்தும் சிலை ஒரு பக்கம் சாயாமல் நிற்பதாகத் தோன்றுவது எப்படி? இடுப்பு எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது, அதை ஈடுகட்ட எது எதிர்ப்பக்கம் போகிறது? ஆடை ஒவ்வொரு காலிலும் எங்கே முடிகிறது? நெற்றியிலிருந்து தொப்புள் வரை கண்ணால் ஒரு கோடு இழுத்தால் ஆண் பாதி எங்கே நின்று பெண் பாதி எங்கே தொடங்குகிறது, அந்த எல்லை கூர்மையா, கரைந்ததா?

பின்பக்கம் தெரியும் கோணம் கிடைத்தால் விடாதீர்கள். உற்சவத் திருமேனிகள் வீதியுலா போனவை, அதனால் முதுகும் முழுதாக முடிக்கப்பட்டிருக்கும். பீடத்தில் துளையோ வளையமோ தெரிந்தால் அது தூக்கிக் கட்டுவதற்கானது. முகம் மழுங்கியிருந்தால் அபிஷேகத் தேய்மானமா என்று யோசிக்கலாம். இவற்றில் கண்ணுக்குத் தெரிந்ததை முதலில் எழுதி, காரணத்தை அடுத்த வாக்கியத்தில் வையுங்கள். "அழகாக", "தெய்வீகமாக" இரண்டையும் முழுக்க அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் எந்த வளைவு, எந்தப் பக்கம் என்று எழுத வேண்டியிருக்கும், பக்கம் தானாக நிரம்பும்.

எழும்பூர்_பயணி:
இருவருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். ஹாஸ்டலில் எண்ணெய் மை பயன்படுத்தலாமா? சிலையை எந்த முறையில் செதுக்குவது சுலபம், கறுப்புக் கோடா வெள்ளைக் கோடா?

கரிக்கோடு:
வெள்ளைக் கோடு. யோசிக்கவே வேண்டாம். கறுப்புக் கோடு வேண்டுமென்றால் அதன் இரண்டு பக்கத்தையும் தோண்டி நடுவில் மெல்லிய சுவர் மாதிரி நிறுத்த வேண்டும். முதல்முறை செய்பவர் கையில் அது உடையும். வெள்ளைக் கோட்டில் பென்சிலால் இழுப்பதைப் போலவே உளியால் இழுத்தால் போதும். வெண்கலமும் கறுத்த உடல்தான், வெளிச்சம் விழும் விளிம்பை மட்டும் எடுத்தால் உருவம் எழுந்து வரும். ஓவியர் நந்தலால் போஸ் 1930இல் தண்டி யாத்திரையை ஒட்டிச் செய்த "பாபுஜி" லினோகட்டைத் தேடிப் பாருங்கள். கறுப்புத் தளத்தில் எண்ணி எடுத்த சில வெள்ளைக் கோடுகளில் நடக்கிறார் காந்தி. எதையெல்லாம் வெட்டாமல் விட்டிருக்கிறார் என்று கவனியுங்கள்.

செதுக்கும்போது விளிம்பின் சரிவு வெளிப்பக்கம் இருக்கட்டும். உள்பக்கம் குடைந்தால் தேய்க்கும்போது பெயர்ந்துவிடும். ஆழம் 1 மி.மீ. போதும், அடியில் இருக்கும் சணல் தெரியக் கூடாது. லினோ கெட்டியாக இருந்தால் பத்து நிமிடம் வெயிலில் வையுங்கள். வளைவு வரும்போது உளியைத் திருப்பாமல் பலகையைத் திருப்புங்கள். பலகையைப் பிடித்திருக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

மை விஷயத்தில் மைஉருளையோடு கொஞ்சம் வேறுபடுகிறேன். கடையில் கிடைக்கும் நீர்க்கலப்பு பிளாக் பிரின்டிங் மையும் நம் ஊரில் சீக்கிரம் காயும். ஃபேனை நிறுத்தி, இரண்டு சொட்டு கிளிசரின் சேர்த்தால் சமாளிக்கலாம்தான். ஆனால் ஐந்து பிரதியும் ஒரே கறுப்பில் வர ஆஃப்செட் மை (அச்சகங்களில் பயன்படுத்தும் எண்ணெய் மை) நிம்மதி. திருவல்லிக்கேணி, ராயப்பேட்டைப் பக்கம் உள்ள சின்ன அச்சகத்தில் கேட்டால் ஒரு டப்பாவில் கொஞ்சம் கொடுப்பார்கள். தாளைப் பிய்க்கும் அளவுக்கு ஒட்டினால் ஒரு சொட்டு ஆளிவிதை எண்ணெய். துடைக்க சமையல் எண்ணெய், பிறகு பாத்திரம் கழுவும் திரவம் தொட்ட துணி. மண்ணெண்ணெயை ஹாஸ்டல் அறைக்குள் கொண்டுபோக வேண்டாம். லினோவைத் தண்ணீரில் ஊறவைத்தால் சணல் சுருங்கிப் பலகை வளைந்துவிடும்.

மைஉருளை:
ஆஃப்செட் மை என்றால் காய நாளாகும், அதனால் சமர்ப்பிக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே அச்செடுத்துவிட வேண்டும், மழைக்காலத்தில் இன்னும் கூட ஆகும். அதற்கு நேரம் இருந்தால் கரிக்கோடு சொல்வதே சரி.

செப்புத்திருமேனி:
ஒன்று விட்டுப்போனது, இந்தச் சிலைக்கு முக்கியம். அச்சில் இடம் வலமாகும். படத்தை நேராக லினோவில் வரைந்து செதுக்கினால் அம்மை வலப்பக்கம் போய்விடுவாள், அப்பன் இடப்பக்கம். அர்த்தநாரியில் அது சின்னப் பிழை இல்லை. டிரேசிங் தாளில் 4பி பென்சிலால் வரைந்து, வரைந்த பக்கத்தை லினோமேல் கவிழ்த்துப் பின்னால் தேய்த்தால் தானாகத் திரும்பிய படம் பதியும். அதன் மேல் பெர்மனென்ட் மார்க்கரால் ஒரு முறை ஓட்டுங்கள், பென்சில் அழிந்துபோகும். உளியை எடுக்கும் முன் கண்ணாடியில் காட்டி, அம்மை சிலையின் இடப்பக்கத்தில், அதாவது பார்க்கும் உங்களுக்கு வலக்கைப் பக்கம், நிற்கிறாளா என்று சரிபாருங்கள்.

கரிக்கோடு:
எண் போடும் விவரம் யாரும் சொல்லவில்லை. அச்சுக்குக் கீழே, பென்சிலால் மட்டும்: இடது ஓரம் 1/5 (ஐந்தில் முதலாவது, அடுத்ததில் 2/5), நடுவில் தலைப்பு, வலது ஓரம் கையெழுத்து. சோதனை அச்சுகளை இதில் சேர்க்காதீர்கள். ஐந்திலும் ஓரம் ஒரே அளவில் இருக்க, ஒரு அட்டையில் லினோ வைக்கும் இடத்தைக் கோடிட்டு, தாளின் மூலை உட்கார எல் வடிவில் ஓர் அட்டைத்துண்டை ஒட்டுங்கள். எட்டுத் தாளாவது வெட்டி வையுங்கள், அவற்றில் நல்ல ஐந்தைத் தேர்ந்தெடுக்கலாம். காயும்வரை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க வேண்டாம், துணி கிளிப்பில் கொடியில் தொங்கவிடுங்கள்.